வெட்டியது போக மிஞ்சிய காடு: ஆனைமலை, பரம்பிக்குளம் நாட்குறிப்பு

வியாழன், டாப்ஸ்லிப்

பொள்ளாச்சியைத் தாண்டினால் ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை என்று வழி நெடுகத் தென்னந்தோப்பு. சேத்துமடை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பைகளைத் துழாவிப் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் பை எதையும் உள்ளே விடுவதில்லை. யானைச் சாணத்தில் பால் பாக்கெட் உறை கிடக்கிற காலம் இது, இன்னும் கடுமையாகச் சோதித்தாலும் தப்பில்லை.

சாவடி தாண்டியதும் மூங்கில், அதற்கப்புறம் தேக்கு. தை பிறந்துவிட்டதால் தேக்கு இலையைக் கொட்டத் தொடங்கிவிட்டது. காய்ந்த இலை ஒன்று கிளைகளில் தட்டித் தட்டி இறங்கும்போது ஏதோ பெரிய விலங்கு நடந்து வருகிறது என்றே எண்ணத் தோன்றும். கூட வந்திருக்கும் அக்கா மகன் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். கோவையில் கல்லூரியில் படிக்கிறான். கிளம்பியதிலிருந்து அவனுக்கு ஒரே கேள்விதான்: "மாமா, புலி வருமா?"

டாப்ஸ்லிப் ஒரு காலத்தில் மரம் உருட்டிய இடம். பிரிட்டிஷ்காரர்கள் இந்த மலையில் வெட்டிய தேக்கை இங்கே கொண்டுவந்து சரிவில் தள்ளிவிடுவார்கள். கீழே போய் விழும். அங்கிருந்து கப்பல் கட்டவும் ரயில் பாதைக்குக் கட்டை போடவும் போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையில் வெட்டுவதற்குப் பெரிய மரமே குறைந்துபோன நிலை. அப்போது வந்த வன அதிகாரி ஹ்யூகோ வுட், அடிக்கட்டையை விட்டு வெட்டி மறுபடி துளிர்க்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கைத்தடியால் மண்ணில் குத்திக் குத்திப் பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933-ல் இறந்தார். அவருடைய கல்லறை இங்கே தேக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. என் நினைவுச்சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று பொறித்திருக்கிறார்கள். சுற்றிலும் பார்த்தேன். வரிசை வரிசையாக ஒரே மரம். நல்ல மனிதர், பெரிய உழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தேக்கை மட்டும் நட்ட இடத்தில் பழம் தின்னும் பறவைக்கோ குரங்குக்கோ அணிலுக்கோ தின்னவும் தங்கவும் அதிகம் ஒன்றும் இல்லை. மான்களும் காட்டு மாடுகளும் இதன் வழியாகப் போய் வருகின்றன, அவ்வளவுதான்.

மாலையில் விடுதிக்கு முன்னால் உள்ள புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்தன. காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு நிலத்தைக் கிளறிக்கொண்டு போனது. இருட்டுவதற்குச் சற்று முன் தேக்குகளுக்குள்ளிருந்து காட்டு மாடு வந்தது. தனிக் காளை. நெற்றியில் சாம்பல் நிற மயிர், முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை, தோளிலிருந்து முதுகின் பாதி வரை மேடு. முழு வளர்ச்சியடைந்த காளை ஆயிரம் கிலோ வரை வரும். அது நடந்தபோது காலடிச் சத்தமே கேட்கவில்லை. புல்லைப் பிடுங்குகிற சத்தம்தான் கேட்டது. எங்களைப் பார்த்ததும் மூக்கால் ஒருமுறை சீறிவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. புலியைக் கேட்டவன் வாயே திறக்கவில்லை.

வெள்ளி, கோழிகமுத்தி, கரியன் சோலை

காலையில் வனத்துறை வேனில் கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போனோம். பாகன்கள் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். அப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று யானையோடு இருப்பவர்கள். இரவில் யானைகளைக் காட்டில் மேய விட்டுவிடுகிறார்கள். காலில் கட்டிய சங்கிலி தரையில் இழுபட்டுக்கொண்டே போகும். விடிந்ததும் அந்தத் தடத்தைப் பிடித்துப் போய், குளிப்பாட்டி, கூட்டி வருகிறார்கள்.

சமையல் கொட்டகையில் ராகி, கொள்ளு, அரிசி எல்லாம் வேகவைத்துக் கட்டியாக எடுத்து வைத்திருந்தார்கள். அதோடு வெல்லமும் உப்பும். பாகன் இரண்டு கையாலும் உருட்டிக் கவளமாக்க, யானை தும்பிக்கையைத் தூக்கி வாயைத் திறக்கிறது. உள்ளே கடைவாய்ப்பல் வரை கையை விட்டு வைக்கிறார். நான் நின்ற இடத்திலிருந்து அந்த நாக்கின் இளஞ்சிவப்பு நிறம்கூடத் தெரிந்தது. ஒரு யானைக்கு வெல்லம் குறைந்துவிட்டது போலிருக்கிறது. கவளத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு விழுங்க மறுத்தது. "தரேன், தரேன், இருடா" என்று பாகன் இன்னொரு துண்டு வைத்த பிறகுதான் மென்றது.

கலீம் இந்த முகாமின் யானைதான். ஊருக்குள் இறங்கும் யானைகளைத் திருப்பி அனுப்பத் தமிழ்நாடு முழுக்கப் போய் வந்த கும்கி. அறுபது வயதாகி 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் அணிவகுத்து நின்று மரியாதை செய்தார்கள். கோவை தடாகம் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த சின்னத்தம்பி என்ற காட்டு யானையையும் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஜனவரியில் பிடித்து டாப்ஸ்லிப் காட்டுக்குள் விட்டார்கள். அது காட்டில் தங்காமல் நடந்தே உடுமலை பக்கம் கரும்புக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு கரோலில், அதாவது யானையைப் பழக்கும் மரக்கூண்டில், அடைத்து, பிறகு கும்கியாகப் பழக்கினார்கள். அந்தச் சமயம் எங்கள் பக்கத்து விவசாயிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். பயிர் போனவன் வயிற்றெரிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடியதை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

பிற்பகலில் கரியன் சோலை. வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. எங்களுக்கு வந்தவர் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் மலசர் அண்ணன். தேக்கு முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் நின்று, "செருப்பு சத்தம் கேக்காம வாங்க. பேசணும்னா கையில பேசுங்க" என்றார். உள்ளே காலடி வைத்ததும் குளிர்ந்துவிட்டது. தலைக்கு மேலே இலை மூடி வெயில் காசு காசாகத்தான் விழுந்தது. பக்கத்தில் கருமந்தி "ஊப், ஊப்" என்று அதட்டியது. மலை அணில் ஒன்று வெடிப்பலாக் கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. மரத்தின் உடல் முழுக்கப் பாசி, அதன்மேல் பெரணி, அதற்கும் மேலே சிறிய ஆர்க்கிட். நேற்றைய தேக்குகளையும் இதையும் ஒரே பெயர் சொல்லிக் காடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் தலைக்கு மேலே 'ஹுஷ், ஹுஷ்' என்று காற்றைத் துருத்தியால் ஊதுகிற சத்தம். அண்ணன் விரலைத் தூக்கினார். பெரும் இருவாச்சி. அதன் சிறகடிப்பு அவ்வளவு தூரம் கேட்கும். எதிரே இருந்த ஆலில் போய் உட்கார்ந்து, மஞ்சள் அலகின் நுனியால் ஒரு பழத்தைப் பறித்து, மேலே தூக்கிப் போட்டு, வாயைத் திறந்து வாங்கி விழுங்கியது. இன்னொன்று, இன்னொன்று. இன்னும் கொஞ்ச நாளில் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டுவிட்டு வாசலை எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொள்ளும். முட்டை பொரித்துக் குஞ்சு வளரும்வரை சில மாதம் உள்ளேயே இருக்கும். ஆண்தான் பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்ட வேண்டும். அது ஒருநாள் வேட்டைக்காரன் கையில் சிக்கினால் உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். அத்தனை பெரிய பொந்து உண்டாக வேண்டுமானால் மரத்துக்கு எத்தனை வயது இருக்க வேண்டும்! நடவுத் தோட்டத்தில் அப்படி ஒரு மரத்தை எங்கே தேடுவது?

சனி, பரம்பிக்குளம்

கேரளத்துக் காடு, ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து டாப்ஸ்லிப் தாண்டித்தான் போக வேண்டும். ஆனைப்பாடி சோதனைச்சாவடியில் பதிவு செய்துகொண்டு, கேரள வனத்துறை வேனில் ஏறினோம். வழிகாட்டி காடர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

எனக்கு இந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எங்கள் ஊர் பல்லடத்துக்குப் பக்கம். வாய்க்காலில் வரும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) தண்ணீரை நம்பித்தான் மக்காச்சோளமும் தென்னையும். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் இருப்பது கேரளத்தில், பராமரிப்பது தமிழ்நாடு. 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியாகும்படி 1970-ல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டன. மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியாக ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு என்று தண்ணீர் சமவெளிக்கு வந்து சேர்கிறது. தூணக்கடவு கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இதை வழிகாட்டியிடம் சொன்னேன். "சந்தோஷம் சார். எங்க பாட்டன் இருந்த இடம் அணைத் தண்ணிக்கு அடியில இருக்கு" என்றார். சொல்லிக்காட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. என் வயலில் பாய்கிற தண்ணீருக்கு யார் இடம் விட்டார்கள் என்பது அதுவரை எனக்கு வெறும் செய்தியாகத்தான் இருந்தது.

செந்நாய்களைப் பார்த்தது அதே கரையில். டிரைவர்தான் முதலில் கண்டு வேனை ஓரம் கட்டினார். தண்ணீர் வற்றிய சேற்றுக் கரையில் ஏழெட்டுச் செந்நாய்கள். செம்பு நிற உடம்பு, புசுபுசுவென்று கருத்த வால். தண்ணீருக்குள் வயிறு நனைய ஒரு கடமான் பெட்டை நின்றது. பின்னங்காலில் தோல் கிழிந்திருந்தது. காது இரண்டும் முன்னால் குவிந்திருக்க, கரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. செந்நாய்களுக்கு அவசரமே இல்லை. இரண்டு படுத்துக்கொண்டன. ஒன்று தண்ணீரில் கால் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. இன்னொன்று கரையோடு ஓடி அந்தப் பக்கம் போய் நின்றது. மான் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் படுத்திருந்தது எழுந்தது. நடுவில் மெல்லிய சீழ்க்கைச் சத்தம். அவை ஒன்றையொன்று அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கின்றன. ஓநாயின் ஊளையும் இல்லை, ஊர்நாயின் குரைப்பும் இல்லை.

வேனில் இருந்த ஒரு அம்மா, "பாவங்க, ஒரு கல்ல விட்டு எறிஞ்சா ஓடிப் போயிராதா?" என்று கேட்டார். அவர் மடியில் இருந்த குழந்தை அழத் தொடங்கிவிட்டது. வழிகாட்டி, "அதுகளுக்கும் குட்டி இருக்கும் அக்கா. நாம கை வெச்சா ரெண்டு பக்கமும் கெடும்" என்றார். உண்மைதான். செந்நாயைப் போலப் பழி சுமந்த விலங்கு குறைவு. உயிரோடு கடித்துத் தின்னும் என்பதற்காகவே அதைக் கொடியது என்று ஒதுக்கினார்கள். பிரிட்டிஷ் அரசு கொன்றவனுக்குப் பணம் கொடுத்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குக் கொஞ்சம் நிம்மதி. இன்றைக்கு உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. புலியைக் காக்கப் போஸ்டர் அடிக்கும் நாம் இதன் பெயரைச் சொல்வதுகூட இல்லை.

மான் இன்னும் இரண்டு அடி உள்ளே போனது. இந்தத் தண்ணீரில் முதலையும் உண்டு. வேனுக்கு நேரம் முடிந்ததால் கிளம்ப வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது கரையில் எதுவும் இல்லை. சேற்றில் தடம் மட்டும் ஏராளம். என்ன நடந்தது என்று அக்கா மகன் கேட்டான். வழிகாட்டி இறங்காமலேயே கரையைக் கண்ணால் அளந்தார். "ரத்தம் இல்ல. காக்கா இல்ல. மான் நீந்தி அக்கரைக்குப் போயிருக்கும்." காக்கையை வைத்துக் கணக்குப் போடுவது எனக்குத் தோன்றியிருக்காது.

கன்னிமாரா தேக்கையும் பார்த்தோம். சுற்றளவு ஏறக்குறைய ஏழு மீட்டர். ஐந்து பேர் கை கோத்தால்தான் சுற்ற முடியும். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்கிறார்கள். வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டதால் விட்டுவிட்டார்கள், அன்றிலிருந்து கும்பிடுகிறார்கள் என்பது இங்குள்ளவர்கள் சொல்லும் கதை. இந்த மலையில் அத்தனையும் வெட்டியவர்கள் இதை விட்டார்கள் என்றால் அதற்கு ஏதோ ஒரு பயம் வேண்டியிருந்திருக்கிறது. கொச்சி சமஸ்தானம் மரம் கொண்டுபோவதற்கென்றே 1907-ல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டருக்கு டிராம் பாதை ஓட்டியது. செங்குத்தான சரிவுகளில் மரம் ஏற்றிய பெட்டிகள் கீழே இறங்கும் வேகமே, வடத்தின் மறுமுனையில் கட்டிய காலிப் பெட்டிகளை மேலே இழுத்துவிடும். அந்தப் பாதையின் அடையாளங்கள் காட்டுக்குள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன.

ஞாயிறு, ஆழியாறு வழியாக

கீழே இறங்கி, ஆழியாறு சோதனைச்சாவடி வழியாக மறுபடி ஏறினோம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் வரையாடுகள், எதிர்பார்த்தபடியே. சாலையின் தடுப்புச்சுவர்மேல் ஒரு கிடா நின்றுகொண்டு கீழே தெரியும் அணையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. 2024 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 இருந்தன, அடுத்த ஆண்டு 1,303. அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்றின் வாய்க்கு முன்னால் பிஸ்கட்டை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பத்திடம் வேண்டாம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். சொன்னால் பெரும்பாலோர் கேட்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும்.

மீதி நேரம் மழைத் தூறலில் போய்விட்டது.

திங்கள், வால்பாறை

சுற்றிலும் புலிகள் காப்பகம், நடுவில் தேயிலை. மலையின் மேல்தளம் முழுக்க இருந்த மழைக்காட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வெட்டித் தோட்டம் போட்டார்கள். இப்போது எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாகச் சில சோலைகள்தான் மிச்சம். புதுத்தோட்டம் அப்படி ஒரு துண்டு. அதை ஒட்டித்தான் சாலை, அதை ஒட்டித்தான் குடியிருப்புகள். அதற்குள் சோலைமந்திகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு, சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள்.

காலை எட்டு மணிக்கே கூட்டம் சாலையோரத்தில் இருந்தது. கருத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். ஒரு தாய் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் குட்டியை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு, பலாச்சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கித் தின்றது. குட்டியின் முகம் இன்னும் வெளிறிய நிறம்தான், கருப்பு ஏறவில்லை. அதன் விரல் நகம் வரை தெரிந்தது. இவை மரத்தைவிட்டு இறங்காமல் வாழ வேண்டியவை. இந்தச் சோலையில் மரக்கிளைகள் சாலைக்கு மேலே ஒன்றையொன்று தொடாததால் தரையில் இறங்கிக் கடக்கின்றன, வண்டியில் அடிபடுகின்றன. அதற்காக மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய பாலங்கள் இருக்கின்றன. எஸ்டேட் நிர்வாகங்களோடு சேர்ந்து சோலைத் துண்டுகளில் மழைக்காட்டு மரங்களைத் திரும்ப நடும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் (என்.சி.எஃப்) என்ற அமைப்பும் வனத்துறையும் இதில் உழைத்திருக்கின்றன. சாலையில் நின்று வண்டிகளைக் கைகாட்டி மெதுவாகப் போகச் சொல்வதற்கென்றே காவலர்கள் இருக்கிறார்கள். நாங்கள் நின்றபோதே ஆறு குரங்குகள் பாலத்தில் வரிசையாகக் கடந்தன. ஏழாவது மட்டும் பாலத்தைப் பார்த்துவிட்டு, இறங்கித் தார்ச்சாலையில் நடந்தே போனது. காவலர் கையைத் தூக்கியதும் பேருந்து நின்றது.

"மாமா, இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான் அக்கா மகன். புலியைப் பற்றிப் பிறகு அவன் கேட்கவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தோம். தேயிலைக்கும் சோலைக்கும் நடுவே யானைகள் இன்றும் பழைய வழியிலேயே போய் வருகின்றன. எங்கே நிற்கின்றன என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. உள்ளூர் கேபிள் டி.வி.யில் கீழே எழுத்தாக ஓடுகிறது. 2011 முதல் முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்குகளும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை நின்றால் எரியும், செல்போனாலேயே எரிய வைக்கலாம். இந்த வேலைக்காக என்.சி.எஃப்-ஐச் சேர்ந்த ஆனந்தகுமாருக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

அந்த அக்காவுக்கு விருது பற்றியெல்லாம் தெரியாது. "முன்னெல்லாம் கடைசி பஸ்ஸுல வந்து எறங்கி லயத்துக்கு நடக்கிறதுக்குள்ள உசுரு போயிரும் தம்பி. பனி மூட்டத்துல ஆனை முன்னாடி நின்னாக்கூடத் தெரியாது. இப்ப லைட்டு எரிஞ்சா எறங்காம அடுத்த ஸ்டாப்புக்குப் போயிருவோம். அது பாட்டுக்கு அது போவும், அப்புறம் நாங்க போவோம்" என்றார். சொல்லிவிட்டு செல்போனை எடுத்துப் பார்த்தார். இன்றைக்கு அவர் இருக்கும் லயத்துப் பக்கம் செய்தி எதுவும் இல்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.